காட்டில் கிடைத்த சிலந்தி புது இனமா? குப்பியில் பிடிப்பது முதல் பெயர் சூட்டுவது வரை

வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ போய்வந்த நண்பர்கள் அலைபேசியில் ஒரு சிலந்திப் படத்தை அனுப்பிவிட்டு, “இது புது இனம் போலிருக்கே?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இருக்கலாம், ஆனால் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. காட்டில் கிடைப்பது சிலந்தி மட்டும்தான். அது புது இனமா என்பது நுண்ணோக்கி வைத்த மேசையில், பழைய கட்டுரைகளுக்கு நடுவே, பல மாதம் கழித்துத் தெரியவருவது.

இதைச் சொல்வது யாரையும் சோர்வடையச் செய்ய அல்ல. உலகச் சிலந்திப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதைப் பராமரிக்கிறது. 2022 ஏப்ரலில் அதில் 50,000-ஆவது இனம் பதிவானது: தெற்கு பிரேசிலில் செடிகளிலும் மரங்களிலும் வாழும் ஒரு தாவும் சிலந்தி. இன்னும் ஏறக்குறைய அதே அளவு பெயரில்லாமல் கிடக்கலாம் என்பது அந்தப் பட்டியலை நடத்துபவர்களின் கணிப்பு. நம் சோலைக்காட்டுச் சருகுக்கடியிலும் சில கட்டாயம் இருக்கும். வேலையைச் சரியாகச் செய்தால் அவற்றில் ஒன்றை நீங்களே விவரிக்கலாம். அதற்கு முனைவர் பட்டம் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பொறுமையும், அருங்காட்சியகத் தொடர்பும், கூட வேலை செய்ய அனுபவமுள்ள ஒருவரும் வேண்டும்.

காலடி வைக்கும் முன் காகிதம்

இந்தப் பகுதி அலுப்பானதுதான், ஆனாலும் முதலில் இதை முடியுங்கள். காப்புக்காட்டில் ஒரு சிலந்தியைப் பிடித்துக் குப்பியில் போட வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி. அது கைக்கு வரப் பல மாதம் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வெளிநாட்டு ஆய்வாளருடன் சேர்ந்து செய்வதாகவோ மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகவோ இருந்தால், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் அணுக வேண்டும்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தியாவில் யார் புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தாலும், அரசு குறித்திருக்கும் காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைத்தே ஆக வேண்டும் என்கிறது அது. விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட காப்பகம். தலைமையகம் கொல்கத்தாவில், சென்னையிலும் கோழிக்கோட்டிலும் மண்டல மையங்கள் உண்டு. மாதிரியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு கட்டுரை மட்டும் எழுதும் வேலை நடக்காது. காட்டுக்குப் போகும் முன்பே அங்கே ஒருவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தேடுவது: இரவும் சருகும்

பகலில் பத்து சிலந்தி கண்ணில் படும் இடத்தில் இரவில் நூறு படும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, வெளிச்சம் உங்கள் கண்மட்டத்திலேயே போகும்படி தரையைப் பாருங்கள். புல்லில் பனித்துளி போல் பச்சையும் நீலமுமாக மின்னுபவை ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம் டார்ச் வெளிச்சத்தை வந்த வழியே அனுப்புகிறது. அதனால்தான் டார்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடித்தால் அந்த மினுக்கு மறைந்துபோகும்.

புதருக்கு வெள்ளைக் குடை போதும். தலைகீழாக விரித்துக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையைக் கம்பால் இரண்டு தட்டுத் தட்டினால் நண்டுச் சிலந்தி, தாவும் சிலந்தி எல்லாம் குடைக்குள் விழும். சருகை அகலக்கண் சல்லடையில் போட்டுச் சலித்து, கீழே விழுவதை வெள்ளைத் துணியில் பரப்பிப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். முதலில் தூசி என்று நினைத்தது நடக்க ஆரம்பிக்கும். என் அனுபவத்தில், பெயரில்லாதவை அதிகம் ஒளிந்திருப்பது இந்த இரண்டு மில்லிமீட்டர் உலகத்தில்தான். பெரியதும் அழகானதும் ஏற்கெனவே யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

பாதையோர மண்திட்டைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். பாசி படிந்த மண்ணில் நாணய அளவில் மெல்லிய வட்டக்கோடு தெரிந்தால் அது பொறிக்கதவுச் சிலந்தியின் மூடி. இதையெல்லாம் என்னைவிட வேட்டைத் தடுப்புக் காவலர்கள் சீக்கிரம் பார்த்துவிடுவார்கள். ஆனைமலைப் பக்கம் காடர் சமூகத்து அண்ணன் ஒருவர் கூட வந்தால், எந்த மரப்பொந்தைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். கட்டுரையின் நன்றியுரையில் அவர் பெயரைப் போடுங்கள். வெறும் ‘உள்ளூர் உதவியாளர்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

இலங்கையில் நடந்த ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 2009-இல் வடபகுதி ஊரார் கொண்டுவந்து கொடுத்த செத்த ஆண் சிலந்தி ஒன்றிலிருந்துதான் தேடல் தொடங்கியது. ஆய்வாளர்கள் போர் முடிந்த அந்த மண்ணில் தேடி அலைந்து, மாங்குளத்தில், பழைய மருத்துவமனை விடுதி போன்ற இடங்களில் அதே வகையின் பெண்களையும் குஞ்சுகளையும் கண்டார்கள். கால்விரிப்பு இருபது சென்டிமீட்டர். வயதான மரப்பொந்துகளில் வாழ வேண்டியது, மரம் குறைந்ததால் கட்டடத்துக்குள் ஒதுங்கியிருந்தது. 2012-இல் அதற்குப் பொசிலோதீரியா ராஜாய் என்று பெயரிட்டார்கள். அந்தப் பகுதியில் கூடவே வந்து வழிகாட்டிய காவல்துறை அதிகாரி ஒருவரைக் கௌரவிக்க வைத்த பெயர் அது.

எதைப் பிடிப்பது, எதை விடுவது

முதிர்ந்த சிலந்திதான் வேண்டும். குஞ்சுகளை வைத்து இனம் பிரிப்பது அநேகமாக முடியாத காரியம். ஆணின் முகத்துக்கு முன்னால், கால் போலவே இருக்கும் இரண்டு சிறு உறுப்புகளுக்குப் பெடிபால்ப் என்று பெயர். முதிர்ந்த ஆணில் அவற்றின் நுனி குத்துச்சண்டைக்காரரின் கையுறை போல் உப்பியிருக்கும். முதிர்ந்த பெண்ணின் வயிற்றுக்கு அடியில், முன்பக்கமாக, கருத்த தகடு ஒன்று தெரியும். அதுதான் எபிஜைன். பெருஞ்சிலந்தி (டாரன்டுலா), பொறிக்கதவுச் சிலந்தி போன்ற சில கிளைகளைத் தவிர்த்தால், இரண்டும் இல்லாதது குஞ்சு.

கடைசித் தோலுரிப்புக்கு முந்தைய நிலையில் கிடைத்தால் உயிரோடு கொண்டுவந்து, ஈரப்பஞ்சும் பழ ஈயும் கொடுத்து வளர்க்கலாம். அனுமதிக் கடிதத்தில் அதற்கும் இடம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நான்கைந்து முதிர்ந்தவை போதும். முட்டைப்பையோடு இருக்கும் பெண்ணை விட்டுவிடுவது என் வழக்கம்.

கொல்லும் முன் படம் எடுங்கள். எத்தனாலில் போட்ட சில நாளிலேயே பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்துவிடும். மேலிருந்து, முன்னாலிருந்து, பக்கவாட்டில், முடிந்தால் வயிற்றுப்பக்கம். வலை கட்டியிருந்தால் வலையையும், அது எந்தச் செடியில் எத்தனை உயரத்தில் இருந்தது என்பதையும்.

குப்பியும் சீட்டும்

உடலமைப்பு ஆய்வுக்கு 70 முதல் 80 சதவீத எத்தனால். அதற்கு மேல் போனால் உடல் விறைத்து, காலைத் தொட்டாலே ஒடியும். டி.என்.ஏ-வுக்கு நேர்மாறு: 95 சதவீதத்துக்கு மேல் வேண்டும், குளிர்பெட்டியிலும் வைக்க வேண்டும். ஆகவே ஒரு காலை மட்டும் கழற்றித் தனிக்குப்பியில் தூய எத்தனாலில் போட்டு, மீதி உடலை நீர்த்த எத்தனாலில் வையுங்கள். எப்போதும் ஒரே பக்கத்துக் காலை எடுங்கள். வலது மூன்றாம் கால் என்று நான் வைத்திருக்கிறேன். அப்போதுதான் இடதுபக்கம் அளவுகளுக்கு முழுமையாக இருக்கும்.

சீட்டு குப்பிக்கு உள்ளே இருக்க வேண்டும், பென்சிலில் எழுதியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை ஜெல் பேனாவால் அழகாக எழுதிப் போட்டேன். மறுநாள் காலை குப்பி முழுக்க நீலத் தண்ணீர், சீட்டு வெள்ளைக் காகிதம். மூன்று இரவு அட்டைக்கடியோடு சேர்த்த பதினொரு சிலந்திகள் எந்த ஊர் என்று தெரியாத அனாதைகளாகிவிட்டன. அவற்றை இன்றும் மாணவர்களுக்கு அறுத்துக்காட்ட மட்டும் பயன்படுத்துகிறேன்.

சீட்டில் நாடு, மாநிலம், மாவட்டம், இடம், அகலாங்கு நெட்டாங்கு, கடல்மட்ட உயரம், தேதி, வாழிடம், பிடித்தவர் பெயர், பிடித்த முறை ஆகியவை இருக்க வேண்டும். இடம் ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு ஆந்திரத்துக் கதையை எல்லோரும் சொல்வோம். 1899-இல் லண்டனில் இருந்த போகாக் என்ற விலங்கியலாளர், நீலநிறப் பெருஞ்சிலந்தி ஒன்றுக்குப் பொசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயரிட்டார். கையில் இருந்தது ஒரே ஒரு மாதிரி. அது கிடைத்த இடம் குத்தி என்ற ஊரின் ரயில் நிலையத்து மரக்கிடங்கு. மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்தி அது என்று பின்னாளில் புரிந்துகொண்டார்கள். அதன் உண்மையான வீடு எது என்று நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 2001-இல்தான் குத்தியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மறுபடி பார்த்தார்கள். போகாக்கைக் குறை சொல்ல முடியாது. சீட்டில் இருந்ததைத்தான் அவர் எழுதினார்.

நுண்ணோக்கிக்கு அடியில்

முதலில் குடும்பத்தையும், அதற்குள் நெருங்கிய இனங்களின் தொகுதியான பேரினத்தையும் பிடியுங்கள். கண்கள் எப்படி வரிசையாக இருக்கின்றன, கால்நுனியில் இரண்டு நகமா மூன்றா, நூல் சுரக்கும் முனைகள் எப்படி, தாடையில் எத்தனை பல் என்று பார்த்தால் வட்டம் வேகமாகச் சுருங்கும். தாவும் சிலந்திக்கு முன்பக்கம் இரண்டு பெரிய கார்விளக்குக் கண்கள். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழ்வரிசையில் நான்கு சிறியவை, மேலே இரண்டு பெரியவை, அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு.

இனம் என்று வந்துவிட்டால் நிறமும் வரிகளும் துணைக்கு மட்டும்தான். தீர்ப்புச் சொல்வது இனப்பெருக்க உறுப்புகள். ஆண் சிலந்தி தன் விந்தணுவை ஒரு சிறு வலைத்துணுக்கில் விட்டு, பெடிபால்ப் நுனியில் இருக்கும் குமிழுக்குள் உறிஞ்சிக்கொண்டு, அதைப் பெண்ணின் எபிஜைனுக்குள் செலுத்துகிறது. குமிழின் கொக்கி, ஊசி, முள் எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். பெண்ணின் வாசலும் உள்குழாயும் அப்படியே. ‘பூட்டும் சாவியும்’ என்று இதைச் சொல்வது வழக்கம். எல்லாக் குடும்பத்துக்கும் அது அத்தனை கறாராகப் பொருந்தாது. ஆனாலும் அடையாளம் காண இதைவிட நம்பகமானது வேறில்லை.

ஆணின் இடது பெடிபால்ப்பைக் கழற்றி, நுண்மணல் பரப்பிய கிண்ணத்தில் எத்தனால் ஊற்றி, மணலில் நட்டு வையுங்கள். மணல் உங்களுக்கு மூன்றாவது கை. வேண்டிய கோணத்தில் அசையாமல் நிற்கும். அடிப்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் குறைந்தது இரண்டு கோணம் அவசியம். இந்த இரண்டையும்தான் உலகம் முழுக்க வரைகிறார்கள் என்பதால், உங்கள் படமும் அதே கோணத்தில் இருந்தால்தான் யாராலும் ஒப்பிட முடியும். பாதி டிகிரி திரும்பினாலும் ஊசி வேறு மாதிரி தெரியும். புதுவர்கள் ‘வித்தியாசம்’ என்று கண்டுபிடிப்பதில் கணிசமான பங்கு, கோணம் செய்யும் வேலை.

பெண்ணின் எபிஜைனை முதலில் உடலோடு இருக்கும்போதே படமெடுத்துவிட்டு, பிறகு மெல்லிய ஊசியாலும் கூர்மையான இடுக்கியாலும் வெட்டி எடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சதையைக் கரைக்கப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது அதிக நேரம் போனால் தகட்டையும் வெளுத்துவிடும், பக்கத்தை விட்டு நகராதீர்கள். பிறகு கிராம்பு எண்ணெயில் போட்டால் கண்ணாடி போல் தெளியும், உள்ளே விந்து சேமிக்கும் பைகளும் சுருண்ட குழாய்களும் தெரியும். பல்வலிக்கு வாங்கும் அதே எண்ணெய்தான். மேசையெல்லாம் மருந்துக்கடை வாசனை அடிக்கும். பார்த்து முடித்ததும் சிறு குப்பியில் போட்டு, அதே சிலந்தியின் பெரிய குப்பிக்குள் வையுங்கள். வேறு குப்பிக்குள் போட்டுக் குழப்பினால் எல்லாமே வீண்.

பெருஞ்சிலந்திகளும் பொறிக்கதவுச் சிலந்திகளும் வேறு கிளை. இவற்றின் பெண்ணுக்கு வெளியே எபிஜைன் தகடு கிடையாது, உள்ளே இருக்கும் பைகளைத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வசதி உண்டு: முதிர்ந்த பெண்ணும் தோலுரிக்கும், அந்தப் பைகளின் உறையும் உரித்த சட்டையோடு வந்துவிடும். சட்டையை வெந்நீரில் ஊறவைத்து விரித்துப் பார்த்தால் சிலந்தியைக் கொல்லாமலே பாதி வேலை முடியும்.

பழைய காகிதங்களோடு மல்லுக்கட்டு

பலர் இந்தக் கட்டத்தில் கைவிடுகிறார்கள். உங்கள் சிலந்தி எந்தப் பேரினமோ, அதில் இதுவரை பெயர்வைத்த ஒவ்வொன்றையும் உங்கள் மாதிரியோடு ஒப்பிட்டு ‘இது அல்ல’ என்று அடித்துக்கொண்டே வர வேண்டும். உலகச் சிலந்திப் பட்டியல் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால், 1757 முதலான வகைப்பாட்டுக் கட்டுரைகளைப் படிக்கத் தருகிறார்கள். வேறு எந்த உயிரினக் குழுவுக்கும் இத்தனை வசதி கிடைப்பது அபூர்வம்.

அது ஏன் 1757? விலங்குப் பெயர்களின் கணக்கு 1758 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் தந்த பட்டியல் அதற்கு அடிப்படை. ஆனால் அவர் நாட்டுக்காரரான கிளெர்க் என்பவர் அதற்கு ஓராண்டு முன்பே சுவீடன் சிலந்திகளைப் படத்தோடு பெயரிட்டு வெளியிட்டுவிட்டார். அந்த ஒரு நூலுக்கு மட்டும் விதியில் விலக்குக் கொடுத்து, லின்னேயஸுக்கும் முந்தியதாக ஏற்றார்கள். எங்கள் கூட்டத்துக்கு இதில் ஒரு சின்னக் கர்வம் உண்டு.

இந்தியச் சிலந்திக்குப் போகாக் 1900-இல் எழுதியதும், பிரெஞ்சுக்காரர் சிமோன் எழுதியவையும், 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கிரேவ்லி எழுதியவையும், பின்னர் திகாதர் எழுதியவையும் கட்டாயம் புரட்ட வேண்டியவை. சிக்கல் என்னவென்றால், பழைய விவரிப்புகளில் பல நான்கு வரி லத்தீனும் நிறவர்ணனையும்தான். ‘பழுப்பு, ஓரம் வெளுப்பு’ என்றிருந்தால் அது எதற்கும் பொருந்தும். அப்போது ஒரே வழி, அந்தப் பெயருக்குச் சான்றாக வைத்திருக்கும் மூல மாதிரியைப் பார்ப்பது. போகாக்கினது லண்டனில், சிமோனினது பாரிஸில், திகாதருடையவை பெரும்பாலும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில். நேரில் போக முடியாவிட்டால் பொறுப்பாளருக்கு மரியாதையாக மின்னஞ்சல் எழுதிப் படம் கேளுங்கள், பலரும் தருகிறார்கள்.

‘புது இனம்’ என்று எழுதும் முன் நான் என்னையே குறுக்கு விசாரணை செய்துகொள்வேன். என்னிடம் பெண் மட்டும் இருக்கிறது. இதே பேரினத்தில் ஆண் மட்டும் தெரிந்த இனம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் இரண்டும் தம்பதியாக இருக்கலாம். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று வைத்து, பிறகு ஒன்றாக்கிய கதைகள் சிலந்தி உலகத்தில் ஏராளம். அடுத்து, இலங்கை, மியான்மர், தாய்லாந்து வரை பார்த்தேனா? சிலந்திக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நான் பார்க்கும் வேறுபாடு ஐந்து மாதிரியிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா? இது வேறு பேரினத்தில் தவறுதலாக உட்கார்ந்திருக்கும் பழைய இனமா?

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். ஸ்பிந்தாரஸ் என்ற சிறு சிலந்திப் பேரினத்தில், வட அமெரிக்காவிலிருந்து பிரேசில் வரை பரவியது ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று மாணவர்களோடு உட்கார்ந்து கூர்ந்து பார்த்தபோது, கரீபியன் தீவுகளை ஒட்டி 15 புதிய இனங்கள் வெளிப்பட்டன.

டி.என்.ஏ பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ மரபணுவில் சுமார் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து ஒப்பிடுவது வழக்கம். ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்க்கவும், ஒரே மாதிரி இருப்பவற்றைப் பிரிக்கவும் நன்றாக உதவும். ஆனால் ஒப்பிட எதிர்ப்பக்கம் வரிசை இருக்க வேண்டும். இந்தியச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இன்னும் இல்லை. வசதி கிடைத்தால் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காகக் கட்டுரையை நிறுத்திவைக்க வேண்டாம்.

அளவும் படமும்

எல்லா அளவும் மில்லிமீட்டரில். தலைமார்பின் நீள அகலம், வயிற்றின் நீள அகலம், கண்களின் விட்டம், கண்களுக்கு இடையே உள்ள தூரம். பிறகு ஒவ்வொரு காலிலும் தொடை முதல் நுனிக்கணு வரை தனித்தனியாக. எந்தக் கால் நீளம் என்பதை ‘4123’ என்பது போல் இறங்குவரிசையில் எழுதுவார்கள். முட்கள் எங்கே எத்தனை என்பதும் வேண்டும். கோணலாகக் கிடக்கும் காலை அளந்தால் குட்டையாகத்தான் வரும், படுக்கையாக வைத்து அளங்கள்.

பல ஆழத்தில் எடுத்த படங்களை ஒன்றாகக் கோத்துத் தெளிவாக்கும் மென்பொருள்கள் இப்போது சுலபம். ஆனாலும் கோட்டோவியத்தை விடாதீர்கள். புகைப்படம் எல்லாவற்றையும் காட்டும், ஓவியம் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டும். ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்கட்டும்.

எழுதுவது

கட்டுரையின் உயிர் இரண்டு பகுதிகளில் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. விவரிப்பு என்பது சிலந்தியின் தலை முதல் நூல்முனை வரை எல்லாம். வேறுபாட்டுக் குறிப்பு என்பது நெருங்கிய சொந்தத்திலிருந்து இதை எப்படிப் பிரிப்பது என்பது மட்டும். வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லாத பெயர் செல்லாது என்பது சர்வதேச விலங்குப் பெயரிடல் விதி. இப்படி இருக்க வேண்டும் அது:

“ஆண், இன்ன இனத்தைப் போலவே வளைந்த ஊசி கொண்டது, ஆனால் இதில் ஊசி குமிழின் பத்துமணித் திசையில் தொடங்குகிறது, அதில் ஏழுமணித் திசையில். பெடிபால்ப்பின் முழந்தாள் முள் இதில் இரட்டைப் பிளவு, அதில் ஒற்றை.”

‘சற்றே பெரியது’, ‘அழகிய நிறம்’ என்பதற்கெல்லாம் இங்கே வேலை இல்லை. படிப்பவர் கையில் குப்பியை வைத்துக்கொண்டு ஆம், இல்லை என்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும்.

மாதிரிகளில் ஒன்றை ஹோலோடைப் ஆக அறிவிக்க வேண்டும். அந்தப் பெயரின் உரிமையாளர் இனி அந்த ஒரு சிலந்திதான். 2000 முதல், ஹோலோடைப் எது, எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்று கட்டுரையிலேயே சொல்வது கட்டாயம். கூடப் பிடித்த மற்றவை பாராடைப். காப்பகத்தில் இவற்றுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது மரபு.

பெயர்

எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றே.

பெயர் லத்தீன் எழுத்தில்தான் இருக்க வேண்டும், மேல்புள்ளி கீழ்க்கோடு எதுவும் கூடாது. ஆகவே தமிழ்ச்சொல்லை வைக்கலாம், ஆனால் ல, ள வேறுபாடு கரைந்துவிடும். ழகரத்தை எப்படி எழுதுவது என்று உங்கள் குழுவுக்குள் ஒரு சண்டை நிச்சயம். உரிச்சொல்லாக வைத்தால் பேரினத்தின் லத்தீன் பாலோடு ஒத்துப்போக வேண்டும். பொசிலோதீரியா பெண்பால் என்பதால்தான் மெட்டாலிகா, மெட்டாலிகஸ் இல்லை. ஆளின் பெயரை வேற்றுமை உருபோடு வைத்தால் ஆணுக்கு ‘இ’, பெண்ணுக்கு ‘ஏ’ என்று ஒலிக்கும் விகுதி. 26/11 மும்பைத் தாக்குதலில் உயிர்நீத்த காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக 2021-இல் மகாராஷ்டிரத் தாவும் சிலந்தி ஒன்றுக்கு ஐசியஸ் துக்காராமி என்று வைத்தார்கள். உருபே இல்லாமல் பெயரை அப்படியே ஒட்டியும் வைக்கலாம். பாடகர் டேவிட் பொவியின் பெயரில் 2008-இல் வந்த மலேசியச் சிலந்தி ஹெட்டிரோபோடா டேவிட்பொவி அப்படிப்பட்டது. தமிழ்ப்பெயர்ச்சொல்லுக்கு இந்த வழி வசதி, பால் பார்க்கத் தேவையில்லை.

இடப்பெயரும் நல்லதுதான். ராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் கிடைத்த பெருஞ்சிலந்திக்கு 2004-இல் பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையவில்லைதான், ஆனால் எங்கே போய்த் தேடுவது என்று பெயரே சொல்லிவிடுகிறது. உங்கள் சொந்தப் பெயரை மட்டும் வைக்காதீர்கள். விதி தடுக்கவில்லை, மற்றவர்கள் ஆயுளுக்கும் சிரிப்பார்கள்.

இடத்தை எவ்வளவு சொல்வது

சருகுச் சிலந்தி என்றால் அகலாங்கு நெட்டாங்கைத் தயங்காமல் கொடுங்கள். பெருஞ்சிலந்தி என்றால் யோசியுங்கள். வெளிநாடுகளில் இவற்றை வளர்ப்பதற்காக வாங்குகிறார்கள். கட்டுரை வந்த அடுத்த பருவத்தில் அந்த மரத்துக்கே ஆள் வந்துவிடலாம். பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த வியாபாரமே காரணம். இப்படிப்பட்டவற்றுக்கு நான் கட்டுரையில் மலைத்தொடரையும் மாவட்டத்தையும் மட்டும் எழுதி, துல்லியமான இடத்தைக் காப்பகப் பதிவேட்டிலும் வனத்துறையிடமும் வைப்பேன். குத்திக் கதையைச் சொல்லிவிட்டு இதையும் சொல்வது முரணாகத் தெரியலாம். சீட்டில் மறைக்கச் சொல்லவில்லை, அச்சில் மட்டும்.

வெளியிடுவது

கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா’ யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது. நியூசிலாந்திலிருந்து வரும் ‘சூடாக்ஸா’வில் பக்கக் கட்டணம் கட்டாயமில்லை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை அண்டாதீர்கள். இணையத்தில் மட்டும் வெளிவருவதாக இருந்தால், விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, அந்தப் பதிவு எண் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பெயர் செல்லாது.

மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்புவார்கள். ‘இன்ன இனத்தோடு ஒப்பிடவில்லை’ என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அதுவரை பெயரை முகநூலிலோ நாளிதழிலோ வெளியிடாதீர்கள். விவரிப்பு இல்லாமல் வெளியே வந்த பெயர் பின்னால் வீண் குழப்பத்தைக் கொண்டுவரும். செய்தியாளர் நண்பர் எத்தனை வற்புறுத்தினாலும், “அச்சில் வரட்டும் அண்ணே” என்று சொல்லிவிடுங்கள்.

வந்ததும் கட்டுரையைக் காப்பகத்துக்கும், அனுமதி தந்த வனத்துறை அலுவலகத்துக்கும், பெர்ன் பட்டியலுக்கும் அனுப்புங்கள். கூட நடந்த காவலர்களுக்கு ஒரு பிரதியை அச்செடுத்துக் கொடுங்கள், ஆங்கிலக் கட்டுரையானாலும் படம் எல்லோருக்கும் புரியும். ஆணை மட்டும் வைத்து விவரித்திருந்தால் அடுத்த மழைக்கு அதே திட்டுக்கு, அதே மணி நேரத்தில், வெள்ளைக் குடையோடு திரும்பப் போங்கள். பெண் அங்கேதான் எங்கோ ஒரு சருகுக்கடியில் இருக்கும்.